படாளத்திலிருந்து வரும் மணி

மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்தேன். மோட்டார் போட்டு, தொட்டி நிரம்பியதும் நிறுத்தினேன். பாலைக் காய்ச்சி, டிகாஷன் இறங்குவதற்குள் வாசலைப் பெருக்கிக் கோலம் போட்டேன். ஆறு மணிக்குக் காபியோடு கூடத்துக்கு வந்து, தொலைபேசிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். காபி முடிந்தது. ஆறேகால் ஆனது. மணி அடிக்கவில்லை.

கைபேசியை எடுத்து, படாளத்தில் அப்பாவுக்கு எதிர்வீட்டில் இருக்கும் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"பெரியப்பா நல்லாத்தான் கீறாரு. இப்பதான் பேப்பர் வந்துச்சு, படிச்சுகினு கீறாரு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னிக்கும் வரலயாக்கா? அவரு போன கையில வெச்சிருந்தத நான் பாத்தேனே" என்றாள்.

வரவில்லை என்றேன். அன்றைக்கு அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லியிருந்தேன். அப்பாவை ஞாயிற்றுக்கிழமை ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிடுவது என்று நானும் தம்பியும் முடிவு செய்திருந்தோம். பின்னறையில் இருக்கும் சாமான்களை அதற்குள் ஒழிக்க வேண்டும்.

அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அம்மா போன பிறகு படாளத்து வீட்டில் தனியாக இருக்கிறார். காலையில் கடை இட்லி. பிறகு குத்தகைக்கு விட்ட நிலத்தின் வரப்பில் நின்று, தண்ணீர் பாய்ச்சுவது பற்றிக் குத்தகைக்காரரோடு ஒரு சண்டை. மத்தியானம் தானே சமைப்பார். சாயங்காலம் சாலைகள் பிரியும் கூட்ரோட்டில் டீ. என்றைக்காவது குத்தகைக்காரர் சண்டைக்கு வராவிட்டால், அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று அப்பாவே விசாரிக்கப் போவார். இந்த ஏற்பாட்டை விட்டுவிட்டு எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வர அவருக்கு விருப்பமில்லை. அதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை.

காதுதான் பிரச்சினை. சத்தம் கேட்கும், சொல் பிரியாது. நேரில் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். போனில் உதடு ஏது? காதுக்கருவி வாங்கிக் கொடுத்தோம். "எல்லாம் பெருசா கேக்குது, ஒண்ணும் தெளிவா கேக்கல" என்று இரண்டு நாளில் கழற்றி வைத்துவிட்டார். ஆனாலும் சில காலம் போனில் சமாளித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாள் மதுராந்தகத்திலிருந்து உறவினர் ஒருவர் தன் தாயார் இறந்த செய்தியைச் சொல்லக் கூப்பிட்டார். அவருடைய மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. அப்பா அதுதான் விஷயம் என்று நினைத்துக்கொண்டு, "ரொம்ப சந்தோசம்பா, எல்லாம் நல்லபடியா நடக்கட்டும், குடும்பத்தோட வர்றேன்" என்று சொல்லிவிட்டார். சாவு வீட்டில் யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் போனில் பேசுவதில்லை.

பேசாமல் எப்படிச் செய்தி சொல்வது? அதற்கு அவரே ஒரு வழி வைத்தார். காலையில் ஆறு மணிக்குத் தன் பட்டன் போனிலிருந்து எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு அடிப்பார். நாங்கள் எடுக்கக் கூடாது. இரண்டு மணி அடித்து நின்றால், நன்றாக இருக்கிறேன். மூன்று அடித்தால், சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது, அவசரமில்லை, எதிர்வீட்டுப் பெண்ணிடம் கேட்டுக்கொள். ஒரே ஒரு மணி என்றால், உடனே வா.

"ஆபத்துக்கு ஒண்ணுதானா நைனா? நிறைய அடிச்சாத்தானே எங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

"உசுரு போறவன் எண்ணிகினு இருப்பானா? ஒரு தபா அமுக்கத்தான் தெம்பு இருக்கும்" என்றார்.

என் கைபேசிக்கு அடிக்கச் சொன்னால் கேட்கமாட்டார். அது பைக்குள் கிடக்கும், கூடத்தில் இருப்பதுதான் வீட்டுக்கே கேட்கும் என்பார். எங்கள் வீட்டு எண் அவருக்கு மனப்பாடம்.

போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். அடி பெரிதில்லை. ஆனால் தம்பி பயந்துபோய்விட்டான். அவன் கோவளத்தில் படகு மோட்டார் ரிப்பேர் செய்கிறான், என்னைவிடப் படபடப்புக்காரன். கையோடு கூட்டிப் போகிறேன் என்று வந்து நின்றான். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் அவரே ஒரு வாக்குக் கொடுத்தார்: "காலையில மணி ஒழுங்கா வர்ற வரைக்கும் என்ன உட்டுடுங்க. என்னிக்கு அது தப்புதோ அன்னிக்கு நானே வந்துடறேன்." அன்றிலிருந்து இந்தப் பிப்ரவரி வரை அது தப்பவே இல்லை.

பிப்ரவரியில் நாங்கள் தொலைபேசியை மாற்றினோம். பழைய கம்பி இணைப்பு மழை பெய்தால் கரகரக்கும், தெருவைத் தோண்டினால் செத்துவிடும். ஃபைபருக்கு மாறிக்கொள்ளுங்கள், இன்டர்நெட் வழியாகவே வீட்டுப் போனும் வேலை செய்யும் என்றார்கள். ஓர் ஆள் வந்து, சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டினார். அதில் நான்கு பச்சை விளக்குகள். எங்கள் பழைய சாம்பல் நிறத் தொலைபேசியின் ஒயரை அதன் பின்னால் செருகி, "நம்பரும் அதேதான், போனும் அதேதான். எதுவும் மாறாதும்மா" என்றார். பேசிப் பார்த்தேன். கரகரப்பு இல்லை. கரண்ட் போனால் பெட்டி அணைந்துவிடுமே என்று கணவர் அதை இன்வெர்ட்டரில் சேர்த்தார். எல்லாம் சரியாகச் செய்துவிட்டதாகத் திருப்தியாக இருந்தது.

நான்காம் நாள் காலையில் ஒரே ஒரு மணி அடித்து நின்றது.

நானும் கணவரும் போட்ட உடையோடு காரில் கிளம்பினோம். சிங்கப்பெருமாள் கோவில் தாண்டும்போதே தம்பிக்குச் சொல்லிவிட்டேன். பாலாற்றுப் பாலத்தில் லாரிகளுக்குப் பின்னால் வெகுநேரம் நிற்க வேண்டியிருந்தது. போய்ப் பார்த்தால், அப்பா கிணற்றடியில் வேட்டி அலசிக்கொண்டிருந்தார்.

"இன்னாமா, இந்நேரத்துல? மாப்ள வேற வந்துகீறாரு. யாருக்கு இன்னா ஆச்சு?" என்றார்.

"நீ ஒரு மணி அடிச்சியே நைனா."

"நானா? ரெண்டுதான் அடிச்சேன். நான் இன்னா பொய்யா சொல்றேன்?"

யாரும் பொய் என்று சொல்லவில்லை. கை தவறியிருக்கும் என்றோம். அடுத்த வாரம் ஒரு நாள் மணியே வரவில்லை. அப்புறம் நடுவில் சரியாக வந்தது. அப்புறம் மறுபடி ஒன்று. தம்பி நேரில் போய்ச் சத்தம் போட்டான். "எண்ணத் தெரியலியா, ஞாபகம் போயிடுச்சா, இன்னாதான் ஆச்சு உனக்கு?" என்று கேட்டுவிட்டான். அவன் பயத்தில் கத்தினான். அப்பா அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்ததால் ஒரு சொல்லும் தப்பவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, அவருடைய கட்டில் ஓரத்தில் போனுக்குப் பக்கத்தில் இரண்டு புளியங்கொட்டைகள் இருந்தன. எதற்கு என்று கேட்டேன். ஒவ்வொரு மணி காதில் கேட்கும்போதும் ஒரு கொட்டையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளுகிறாராம். எதிர்வீட்டுப் பெண்ணையும் சில நாள் சாட்சிக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தாராம்.

"கொட்ட ரெண்டும் இந்தாண்ட வந்துடுதும்மா. அப்பறமும் தப்புன்றீங்க. எனக்கே சந்தேகமா கீது" என்றார்.

வாக்குக் கொடுத்தபடி வந்துவிடுவதாக அவரே சொன்னார். வீட்டை விட்டு வரவேண்டியிருப்பது அவரை வருத்தியது. ஆனால் அதைவிடத் தன் புத்தியைத் தானே நம்ப முடியாமல் போனதுதான் அவரை ஒடுக்கிவிட்டது. அன்று குத்தகைக்காரர் மடையை மாற்றி வைத்ததைப் பார்த்தும் அவர் சண்டை போடவில்லை. "நான்தான் மாத்தச் சொல்லிட்டு மறந்துட்டனோ இன்னாவோ" என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். பதினொரு மணி வாக்கில் பின்னறையை முக்கால்வாசி ஒழித்தாயிற்று. கணவர் காய்கறிக் கடைக்குப் போயிருந்தார். நான் கூடத்து அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கைக்கெட்டும் தூரத்தில் இருந்த தொலைபேசி அடித்தது. முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டேன்.

"எங்க போன? இவ்ளோ நேரமா அடிக்குது" என்றார் கணவர்.

"இங்கயேதான் நிக்கிறேன். அடிச்சவுடனே எடுத்தேன்."

"அடிச்சவுடனேயா? மூணு அடிச்சாச்சு. கடைக்காரரு கேரட்ட தட்டுல போட்டுகினு என் மூஞ்சியப் பாத்துகினு கீறாரு."

"ஒண்ணுகூட முழுசா அடிக்கலீங்க."

"சரி, நான்தான் பொய் சொல்றேன். கேரட் அரைக் கிலோவா, ஒரு கிலோவா?"

"அரை" என்று சொல்லி வைத்தேன். வைத்த பிறகு துடைக்கிற துணியோடு அங்கேயே நின்றேன். நான் இன்னா பொய்யா சொல்றேன் என்று கிணற்றடியில் அப்பா கேட்டது நினைவுக்கு வந்தது.

என் கைபேசியை எடுத்து வீட்டு எண்ணுக்கு அடித்து, காதில் வைத்துக்கொண்டேன். காதில் ஒரு மணி கேட்டது. தொலைபேசி சும்மா இருந்தது. காதில் இரண்டாவது மணி கேட்டது. அப்போதுதான் தொலைபேசி முதல் மணியைத் தொடங்கியது. நிறுத்தினேன். அப்பா இரண்டு அடித்தார், எங்களுக்கு ஒன்றுதான் வந்தது. மறுபடி அடித்தேன். காதில் இரண்டு, கூடத்தில் ஒன்றுமில்லை. மறுபடியும் அடித்தேன். இந்த முறை இரண்டுக்கு இரண்டு. அதனால்தான் நடுநடுவே சரியாகவும் வந்திருக்கிறது.

கணவர் கேரட்டோடு வந்ததும், செருப்பைக் கழற்றவிடாமல் தொலைபேசிக்கு முன்னால் நிற்க வைத்தேன். நான் மொட்டை மாடிக்குப் போய் அடித்தேன், அவர் கீழே எண்ணிச் சொன்னார். ஐந்தாறு முறைக்குப் பிறகு, "அப்ப மாமா சரியாத்தான் அடிச்சிருக்காரு" என்றார். பிறகுதான் செருப்பைக் கழற்றினார். அழைப்பவருக்குக் கேட்கும் மணியை அவருடைய பக்கமே உண்டாக்குகிறது போலும், எங்கள் பெட்டிக்கு அழைப்பு வந்துசேரக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது போலும். எனக்கு முழுதாகத் தெரியாது. போனை எடுத்துப் பேசுகிறவர்களுக்கு இதனால் ஒரு நஷ்டமுமில்லை. மணியையே பேச்சாக வைத்திருந்தவர் எங்கள் வீட்டில் ஒருவர்தான். ஒரு மாதமாக நாங்கள் எல்லோரும் அவரைத்தான் சந்தேகப்பட்டோமே தவிர, புதிதாக வந்த பெட்டியை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தம்பியைக் கூப்பிட்டேன்.

"இன்னாக்கா, ரூம் ரெடியா?"

"ரூம் இருக்கட்டும். நைனா சரியாத்தான்டா அடிச்சிருக்காரு. எங்க வீட்டு போன்தான் மணிய முழுங்குது."

"போன் மணிய முழுங்குமா? இதோ பாருக்கா, நைனாவ இட்டாந்து வெச்சுக்க கஷ்டமா இருந்தா நேரா சொல்லு. நான் கோவளத்துல வெச்சுக்கறேன்."

எனக்குச் சுருக்கென்றது. "நீயே அடிச்சுப் பாரு. ரெண்டு அடிச்சதும் வெச்சுடு" என்று துண்டித்துவிட்டுத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிறிது நேரத்தில் கைபேசி ஒலித்தது.

"அடிச்சேன்க்கா. ரெண்டு."

"இங்க சத்தமே வரல."

"சும்மா சொல்லாத. இன்னொரு தபா அடிக்கறேன்."

இன்னொரு தபா அடித்ததில் ஒன்று வந்தது. சொன்னேன். அவன் பக்கத்தில் யாரோ இரும்பைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"கயித்த இழுத்தவுடனே மோட்டாரு புடிச்சுக்குமா, கொஞ்சம் இழுத்துத்தான் புடிக்கும். இது எனக்குத் தோணாம போச்சு பாரு" என்றான். பிறகு, "நைனாவ ரொம்பக் கத்திட்டேன்க்கா" என்றான்.

அப்பாவுக்குப் போனில் சொல்ல முடியாதே. கணவரைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் நிறுத்தி, அவர் கைபேசியின் ஸ்பீக்கரில் கேட்கிற மணியையும் கூடத்தில் அடிக்கிற மணியையும் சேர்த்து என் கைபேசியில் வீடியோ எடுத்துக்கொண்டேன். அவசரமாக ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, மின்சார ரயிலில் செங்கல்பட்டு, அங்கிருந்து மதுராந்தகம் பஸ். கூட்ரோட்டில் இறங்கி, கரும்பு டிராக்டர்களுக்கு வழிவிட்டு நடந்தேன்.

அப்பா துணிப்பையில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார். வேட்டிகள் உள்ளே போயிருந்தன. சவரக் கண்ணாடியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமன்னு சொன்னீங்க" என்றார்.

அவருக்கு எதிரில் உட்கார்ந்து, உதடு தெரியும்படி மெதுவாகச் சொன்னேன். வீடியோவைச் சத்தமாக வைத்துக் காட்டினேன். முதல் முறை கண்ணை எடுக்காமல் பார்த்தார். இன்னொரு முறை போடச் சொன்னார். மாப்பிள்ளையின் கையில் இருக்கும் போன் அடிக்கும்போது ஒரு புளியங்கொட்டையைத் தள்ளினார். மறுபடி அடித்தபோது அடுத்ததைத் தள்ளினார். கூடத்துத் தொலைபேசி ஒரே ஒரு முறை அடித்து ஓய்ந்தது.

"அப்ப நான் ரெண்டுதான் அடிச்சேன்."

"ரெண்டுதான் நைனா."

"எல்லா நாளும்."

"எல்லா நாளும்."

கொட்டைகளை எடுத்து ஜன்னல் வழியாக முற்றத்தில் எறிந்தார். எதிர்வீட்டுப் பெண் அப்போதுதான் மோர் எடுத்துக்கொண்டு வந்தாள். "பாத்தியாம்மா, நான் சரியாத்தான் எண்ணிகீறேன். இவங்க வூட்டுப் பொட்டிக்குத்தான் எண்ணத் தெரியல" என்றார் அவளிடம். அதைச் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்ததை நாங்கள் இருவரும் பார்க்காத மாதிரி இருந்தோம்.

"அந்தப் பொட்டியப் புடுங்கிப் போடு. பழசையே வெச்சுக்க" என்றார் பிறகு.

"பழைய லைன் இனிமே குடுக்க மாட்டாங்களாம். நான் ஒண்ணு சொல்றேன், கேளு. நீ அடி. நான் எடுத்துடுவேன். நான் எடுத்தா உன் காதுல மணி நின்னுடும். அது உனக்குத் தெரியுமில்ல?"

"மணி நின்னா தெரியும்."

"நின்னதும் நீ பேசு. நான் வாயே தொறக்க மாட்டேன். சொல்ல வேண்டியத சொல்லிட்டு வெச்சுடு."

"பதிலுக்கு நீ எதுனா கேட்டா?"

"கேக்க மாட்டேன்."

"உன்னால முடியுமா?" என்றார். எதிர்வீட்டுப் பெண் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள்.

"செவுத்தாண்ட பேசற மாதிரி நான் பாட்டுக்குப் பேசணுமா? பாக்கறவன் இன்னா நெனப்பான்?"

"குத்தகைக்காரர்கிட்ட தினமும் அப்படித்தானே பேசற பெரியப்பா? அவரு சொல்றத என்னிக்குக் கேட்டுகீற?" என்றாள் அவள். அப்பா அவள் உதட்டைச் சரியாகவே படித்துவிட்டார். சிரித்துவிட்டார்.

கொஞ்ச நேரம் மோரைக் குடித்துக்கொண்டிருந்தவர், "பேச முடியாமப் போச்சுன்னா?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை.

"நீ பேசாம இருந்தாலே நான் கிளம்பிடுவேன்" என்றேன்.

அது அவருக்குப் பிடித்திருந்தது. தலையை ஆட்டினார். தம்பியும் கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும், கூட்டிப்போக அல்ல, மீன் எடுத்துக்கொண்டு வருவதாகவும் அப்பாவிடம் சொல்லச் சொன்னான். சொன்னேன். "முள்ளு இல்லாததா எடுத்தாரச் சொல்லு" என்றார். சவரக் கண்ணாடியைப் பிரித்து ஆணியில் மாட்டினார். ஆனால் வேட்டிகளைப் பையிலேயே விட்டிருந்தார்.

"அது இருக்கட்டும். நாளைக்குக் காலையில பாத்துட்டு எடுக்கறேன்" என்றார். ஒரு மாதம் தன்னையே சந்தேகப்பட்டவர். ஒரு வீடியோவில் அது முழுதும் போய்விடாது என்று எனக்குப் புரிந்தது. வற்புறுத்தவில்லை.

இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்தேன். பின்னறைச் சாமான்களைத் திரும்ப அடுக்கவில்லை. அவர் இரண்டு நாள் தங்க வந்தால் ஆகட்டும் என்று அப்படியே விட்டேன்.

புதன்கிழமை காலையில் மோட்டார் போடவில்லை, பால் பாத்திரத்தைத் தொடவில்லை. எழுந்ததும் நேராகக் கூடத்துக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவருக்கும் பொறுக்கவில்லை போலிருக்கிறது, ஆறு மணி ஆகுமுன்பே அடித்துவிட்டார். எடுத்து, ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டேன். அந்தப் பக்கம் கனைக்கும் சத்தம் கேட்டது. போனில் அவர் குரலைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று!

"மணி நின்னுடுச்சு. நீதான்னு நெனக்கிறேன். நான் எழுந்துட்டேன். ராத்திரி நல்லாத் தூங்குனேன். பனி கொஞ்சம் இருக்குது. நேத்தும் அவன் மடைய மாத்திகீறான், இன்னிக்கு இருக்குது அவனுக்கு." சற்று நிறுத்தினார். "வேட்டிய எல்லாம் பையிலேர்ந்து எடுத்து டிரங்கு பொட்டில வெச்சுட்டேன். வேற ஒண்ணும் இல்ல. வெக்கறேன்."

வைக்கவில்லை. பட்டனை அமுக்க மறந்துவிட்டார். போனைக் கட்டிலில் போடும் சத்தமும், கதவைத் திறக்கும் சத்தமும் கேட்டன. பிறகு எதிர்வீட்டைப் பார்த்து உரக்கச் சொல்வது கேட்டது: "பேசிட்டேம்மா! அவ வாயே தொறக்கல!"

அவராகத் துண்டிக்கும் வரை காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகுதான் போய் மோட்டார் போட்டேன்.